கிராம சபையா, பகுதி சபாவா, புள்ளிக் கணக்கா?

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தபோது சங்கராபுரம், அரியக்குடி உள்ளிட்ட ஊராட்சிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன. வீட்டுவரி ஏறுமா, ஊரகத்துக்கே உரிய நூறு நாள் வேலை நின்றுவிடுமா என்பவைதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. அந்த ஊர்கள் கிராம சபையையும் சேர்த்தே இழந்தன என்பது பலருடைய கவனத்துக்கு வரவில்லை.

கிராம சபையில் யாரும் யாருக்கும் பிரதிநிதி அல்ல. அரசமைப்பின் 243-ஆவது பிரிவு, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் அங்கே இடம் தருகிறது. தமிழ்நாட்டில் குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். சாமியானா நிழலில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கையில் தூர்வாரியதாகக் கணக்கு எழுதியது எப்படி என்று ஒரு மூதாட்டி எழுந்து கேட்டால், தலைவரும் செயலரும் ஊரார் முன்னிலையிலேயே பதில் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே எழுதிவைத்த தீர்மானத்துக்கு வருகைப் பதிவேட்டின் கையெழுத்தையே ஒப்புதலாகக் காட்டும் வழக்கமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மதுக்கடையை மூடச் சொல்லி நிறைவேற்றும் தீர்மானம் பெரும்பாலும் மனுவைப் போலவே கோப்பில் உறங்குகிறது.

மாநகராட்சியில் வழி வேறு. அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. தமிழக அரசு 2022-இல் விதி வகுத்து வார்டு குழுவையும், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபாவையும் கொண்டுவந்தது. ஆனால் குழுவின் தலைவர் அந்த வார்டின் கவுன்சிலரே. மற்ற உறுப்பினர்கள் நியமனத்தால் வருபவர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே கேட்பவர்களின் கூட்டத்துக்கும் தலைமை ஏற்பதால், நிதியும் பொறியாளர்களும் கூடுதலாக இருந்தும், குடிமகனின் பிடி இங்கே தளர்வு என்பது என் கணிப்பு.

செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உண்டு என்பதால் அவற்றையும் பார்க்கலாம். மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அன்று முதல் நகராட்சி உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் ஈப்போவாசிக்குத் தம் தெருவின் கழிவுநீர்க் காலுக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம். தவறினால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் புள்ளி முறை. மணமான தம்பதி ஒரு புள்ளி. அவர்கள் ஒன்பது நகரக் கோயில்களில் தமக்குரிய கோயிலில் பதிந்து வரி செலுத்துவார்கள். அது அரசு அன்று, ஒரு சமூகத்தின் ஏற்பாடே. எனினும் பணம் தந்தவர் கணக்குக் கேட்கலாம் என்ற ஒழுங்கை அது நெடுங்காலம் காத்தது. மணமாகாதவருக்கு அங்கே புள்ளி இல்லை. அதே ஊருணியில் தண்ணீர் எடுத்த பிற சாதியாருக்குப் பேச்சே இல்லை. வாக்காளர் பட்டியலை அளவுகோலாக்கிய கிராம சபையை அதனினும் மேலாக நான் வைப்பதற்கு இந்த ஒன்றே போதும்.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் மே மாதம் திறந்தவெளியில் கூடும் மக்கள் கையுயர்த்தினால் சட்டமே மாறும். 2007-இல் வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைத்ததும் அப்படித்தான். நம் கிராம சபைக்கு அந்த வலு தரப்படவில்லை. தவிர, 2016 முதல் 2019 வரை இங்கே ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் சிவகங்கை மாவட்ட ஊராட்சிகள் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் சென்றன. அந்நிலையில் கூடும் சபையில், அடுத்த தேர்தலில் தோற்கக்கூடியவர் என்று எவரும் எதிரே அமர்ந்திருப்பதில்லை.