ஒரிபியா, பிளைடா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் ஒரிபி பள்ளத்தாக்குதான். தெற்கே போர்ட் ஷெப்ஸ்டோன் வரை கடலோரச் சாலை. அங்கிருந்து கரும்புத் தோட்டங்களின் நடுவே உள்ளே திரும்பினால், நிலம் திடீரென்று பிளந்து கிடக்கிறது. கீழே உம்சிம்குல்வானா ஆறு. பிள்ளைகள் கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைனுக்கு ஓடுவார்கள். நான் தொங்குபாலத்தின் பாதியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அதற்குள் அத்தை பொட்டலத்தில் கட்டித் தந்த வடையைக் குரங்கு ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. உணவைக் காரிலேயே பூட்டி வையுங்கள்.

பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வேறு ரகம். ம்புமலங்கா மாகாணம், காரில் போகவே ஒரு பகல் தேவை, இரண்டு இரவாவது தங்க வேண்டும். சுமார் 26 கிலோமீட்டர் நீளம். 'மூன்று ரொண்டாவல்' பாறைகள் கூரை வேய்ந்த வட்டக் குடிசைகள் போலவே நிற்கின்றன. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பூர்க்ஸ் லக் குழிகள். ட்ரூர் ஆறு பிளைடோடு சேருமிடத்தில், சுழலும் நீர் மணலையும் கூழாங்கற்களையும் அரைத்து அரைத்துப் பாறையில் உரல்களைக் குடைந்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் மாவரைத்த வீட்டினர்க்கு விளக்கமே வேண்டாம். டச்சு மொழியில் ட்ரூர் என்றால் துக்கம், பிளைட் என்றால் மகிழ்ச்சி.

'கடவுளின் ஜன்னல்' காட்சிமுனையில் எங்களுக்குக் கிடைத்தது வெறும் மூடுபனி.

வயதானவர்களோடு போவதானால் பிளைடையே சொல்வேன்: பல காட்சிமுனைகளுக்குக் கார் அருகிலேயே போய்விடும். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஒரிபி.