நேர்மறை நடத்தை ஆதரவுப் பயிற்சி: ஓராண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

பாலக்கோடு வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியராக, தன்னார்வ அமைப்பொன்று அளிக்கும் நேர்மறை நடத்தை ஆதரவுப் பயிற்சியை ஓராண்டு பின்பற்றிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

எதிர்பார்க்கும் நடத்தையை எழுத்தையும் கணக்கையும் போலவே முன்கூட்டிக் கற்றுக்கொடுத்து, குழந்தை அதைச் செய்யும்போது கண்டு பாராட்டுவதே இம்முறையின் அடிப்படை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தை நோகச் செய்வதையும் தடுக்கிறது. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு இப்பயிற்சியில்தான் எனக்கு வழி கிடைத்தது.

காலை உணவுக்குப் பின் தட்டு கழுவும் குழாயடியில் எங்கள் பள்ளியில் நாள்தோறும் தள்ளுமுள்ளு நடக்கும். பயிற்றுநர் மூன்று நாள் அங்கேயே நின்று கவனித்து, ஐந்து வகுப்புகளையும் ஒரே நேரத்தில் நாங்கள் எழுப்பிவிடுவதே காரணம் என்று காட்டினார். வகுப்பு வாரியாக அனுப்பினோம். வரிசையில் நிற்பதை ஒரு வாரம் நடித்துக் காட்டிப் பழக்கினோம். வாய்ச்சொல் புரியாமல் விழித்த, வீட்டில் தெலுங்கு பேசும் முதல் வகுப்புக் குழந்தைகள்கூட அதை எளிதில் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்டுகள் அவர்களை அதட்டியதை எண்ணி வருந்துகிறேன்.

குறை, விரிவாக்கத்தில் இருக்கிறது. இவ்வாண்டு பயிற்சியில் சேர்ந்த பள்ளிகள் பெருகிய அளவுக்குப் பயிற்றுநர்கள் பெருகவில்லை. புதிய பள்ளிகளுக்குக் அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் ஒருநாள் கூட்டமும் ஒரு சுவரொட்டியும் மட்டுமே கிடைத்தன. பக்கத்து ஈராசிரியர் பள்ளியில், பாராட்டாகத் தரும் நட்சத்திர அட்டைகள் முன்பே ஒழுங்காக இருந்த நான்கைந்து பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தன. அதைக் கண்டு திருத்த யாரும் வரவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 37 தொடக்கப்பள்ளிகளில் இம்முறையை ஆராய்ந்தபோது, ஒழுங்கு நடவடிக்கைக்காக அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அங்கே நடைமுறைப்படுத்திய பள்ளிகளுக்குத் துணைநிற்க வழிகாட்டுநர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே விரிவாக்குவோர் கருத வேண்டும்.

பயிற்றுநர் மாதம் ஒருமுறையாவது வருவார் என்றால் தயங்காமல் சேரலாம். சுவரொட்டி மட்டும்தான் என்றால் காத்திருங்கள். வருகை நாள்களை முன்கூட்டியே எழுதித் தரும்படி கேட்டு, இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.