கேம் என்று சொல்லிக் கடவுச்சொல்லை விற்றார்கள்: 38 டாலர் போயிற்று

நேற்று மாலை பிள்ளைகள் கன்சோலை இயக்கியபோது, திரையில் லெகோ ஹாரி பாட்டர் கேமின் சின்னத்தின் மேல் ஒரு பூட்டு. மூன்று வாரமாகத் தினமும் விளையாடிய கேம். எத்தனை முறை அழுத்தியும் திறக்கவில்லை. கேம் இருந்த கணக்கின் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். 38 டாலர் கொடுத்து வாங்கியது! ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

நான் தேடியது பிளேஸ்டேஷன் 4-க்கான தொகுப்பு. 2010இலும் 2011இலும் தனித்தனியாக வந்த இரண்டு கேம்களைச் சேர்த்து 2016இல் வெளியிட்டது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. இருவரும் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். பாத்திரங்கள் பேசுவதில்லை, முனகலும் சைகையும்தான். அதனால் சின்னவனுக்கும் கதை புரிகிறது. அடிபட்டு விழுந்தால் சேர்த்த காசில் கொஞ்சம் சிதறும், உடனே அங்கேயே எழுந்துகொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கேமை நான் பார்த்ததில்லை. கேமின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாங்கிய இடம் ஒரு மறுவிற்பனைத் தளம். யார் வேண்டுமானாலும் அங்கே கேம்களை விற்கலாம். வாங்குமுன் விற்பவரிடம் ஐந்தாறு கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு பேர் ஆடலாமா என்று கேட்டதற்கு, தன் வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் ஆடுகிறார்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். பணம் கட்டியதும், என் சொந்தக் கணக்கில் இட்டுக் கேமைப் பெறும் 12 எழுத்துக் குறியீடு வரும் என்று பார்த்தால், ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் வந்தன. இந்தக் கணக்கில் நுழைந்துதான் ஆட வேண்டும், இணையம் எப்போதும் இணைந்திருக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கேம் இறங்கிவிட்டது, பிள்ளைகள் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். அதுவரை தளத்தின் பொறுப்பில் இருந்த 38 டாலர் அந்த நொடியில் அவர் கைக்குப் போயிற்று.

இடையில் இரண்டு முறை ஆட்டம் பாதியில் நின்றது. கேட்டபோது இணையக் கோளாறு என்றார். இப்போது புரிகிறது: ஒரே கணக்கைப் பலருக்கு விற்றிருக்கிறார், இன்னொருவர் உள்ளே வந்தால் நாங்கள் வெளியே.

நேற்றிரவு அவருக்கு எழுதினேன். 24 மணி நேரம் பொறுங்கள் என்றார். மறுபடி எழுதினால், நீங்கள்தான் கடவுச்சொல்லை மாற்றியிருப்பீர்கள் என்று என் மீதே பழி போட்டார். அதன்பின் பதிலே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ, பொருள் கிடைத்ததாக நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், உத்தரவாதம் 7 நாள்தான் என்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை அனுப்பிவிட்டு உரையாடலை மூடிவிட்டது. மூன்று முறையும் வேறு வேறு பெயர், எழுத்து மாறாத அதே வாக்கியம்.

38 டாலர் எனக்குச் சிறிய தொகை இல்லை. அதைவிட வலிப்பது வேறு. ஆடியதெல்லாம் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஹாரி பள்ளியில் படிக்கும் முதல் நான்கு ஆண்டுகளின் கதையில் ஆபத்தில் சிக்கிய மாணவர்கள் 50 பேர் ஒளிந்திருப்பார்கள். என் பிள்ளைகள் 31 பேரைக் காப்பாற்றி ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். “மறுபடி முதலிலிருந்தா அப்பா?” என்று மகள் கேட்டாள். என்ன சொல்வது?

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. குறியீட்டுக்குப் பதில் யாராவது கடவுச்சொல் கொடுத்தால் வாங்காதீர்கள். கிடைத்தது என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். முடிந்தால் டிஸ்க்காகவே வாங்குங்கள், அதை எவனும் தூரத்திலிருந்து பூட்ட முடியாது. அட்டையில் கட்டிய 38 டாலரைத் திரும்பக் கேட்டு இன்று வங்கிக்கு மனு கொடுத்திருக்கிறேன். உரையாடல்களின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.