"எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம்" என்ற பேச்சை நம்பி 9,800 வைரம் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன். வரிசை முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 9,800 வைரம். கேமுக்குள் பொருள் வாங்கும் நாணயம் அது. ஓசியில் சேர்த்ததில்லை, சொந்தக் காசு போட்டு வாங்கியது. அத்தனையும் ஒரு கேமில் நெடுநாளாகக் கிடந்த பக் (நிரல் பிழை) ஒன்றில் போய்விட்டது. அந்த பக் இருப்பது கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதன் மேலேயே கடை விரித்தார்கள். நீங்களும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம். கில்டு (ஆட்டக்காரர் குழு) சேர்த்து விளையாடுகிற ஆன்லைன் சண்டை கேம். இறக்குவது இலவசம், உள்ளே போனால் திரும்பிய பக்கமெல்லாம் கடை. விளையாடுகிறவர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

பக் இதுதான். நம் பையிலிருந்து ஒரு பொருளை கில்டு கிடங்குக்கு மாற்றும் நேரத்தில் சர்வர் தடுமாறினால், பொருள் பையை விட்டுப் போய்விடும், கிடங்குக்கும் வந்து சேராது. கோடிங் தெரிந்தவர்கள் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஓரிடத்தில் கழிப்பதும் மற்றோரிடத்தில் கூட்டுவதும் ஒரே பரிவர்த்தனையாக நடக்க வேண்டும். ஒன்று, இரண்டும் நடக்கணும். இல்லையா, இரண்டுமே நடக்கக் கூடாது. தரவுத்தளப் பாடத்தில் இது அரிச்சுவடி. எங்கள் கில்டில் பலருக்கு மருந்துக் குப்பி, அம்புக்கட்டு என்று சின்னச் சின்னதாகப் போயிருக்கிறது. சில்லறைதானே என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஏன் அவ்வளவு வைரத்தைக் கொட்டி வாங்கினாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போன சீசன் முடிகிற சமயம் தலைமை டெவலப்பரே நேரலையில் வந்து உட்கார்ந்தார். அடுத்த சீசனில் புதுச் சரக்கு எதுவும் கிடையாது, முழுக்க பக் ஒழிப்புதான் என்றார். கையில் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கிடங்கு பக் மேலேயே இருந்தது. "இதில் உங்கள் பொருள் போயிருக்கிறது, எங்களுக்குத் தெரியும். வேலை முடிந்துவிட்டது, அடுத்த பேட்ச்சில் (திருத்தப் பதிப்பில்) வரும்" என்றார். மழுப்பல் இல்லை, விளம்பரச் சிரிப்பு இல்லை. பல ராத்திரி தூங்காத முகம். சாட்டில் அத்தனை பேரும் கைதட்டினோம்.

நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. இப்படிச் சொல்லிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். யுபிசாஃப்ட் 2017-ல் தன் ரெயின்போ சிக்ஸ் சீஜ் கேமுக்கு 'ஆபரேஷன் ஹெல்த்' என்று ஒரு சீசனையே சர்வர், பக் வேலைக்கு ஒதுக்கி, வரவேண்டிய புது வரவுகளைத் தள்ளிவைத்தது. ஸ்கொயர் எனிக்ஸ் அதற்கும் மேலே போனது. 2010-ல் வந்து சொதப்பிய ஃபைனல் ஃபேன்டசி 14-ஐ 2012-ல் இழுத்து மூடி, 2013-ல் புதிதாகக் கட்டி இறக்கியது. ஆக, மனது வைத்தால் நடக்கிற காரியம்தான்.

பேட்ச் வந்தது. குறிப்பில் கிடங்கு பக் சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி. அதே பேட்ச்சில், அதே நாளில், கடையின் முகப்பில் பளபளவென்று ஒரு கேடயம். விலை 9,800 வைரம், குறுகிய காலச் சலுகை. புதுச் சரக்கு இல்லை என்றீர்களே என்று சிலர் கேட்டதற்கு, இது சீசன் கொண்டாட்டப் பொருள், கன்டென்ட்டில் சேராது என்று பதில் வந்தது. கில்டு போருக்கு வேண்டும் என்று வாங்கினேன். போருக்கு முன்பு எல்லாருடைய ஆயுதமும் கிடங்கில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தலைவர் வைத்த முறை.

மாற்று பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திரை உறைந்து, இணைப்பு அறுந்து, திரும்ப உள்ளே போனால் பையில் கேடயம் இருந்த கட்டம் காலி. கிடங்கிலும் இல்லை. சரி, கடையில் பார்ப்போம் என்று போனால், கேடயத்தின் கீழே சாம்பல் நிறத்தில் "உங்களிடம் ஏற்கெனவே உள்ளது" என்று நிற்கிறது. அவர்கள் கணக்குப்படி கேடயம் என்னிடம் இருக்கிறது! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேண்டுமாம். சப்போர்ட்டில் முறையிட்டேன். முதலில் தானாகப் பதில் சொல்லும் பாட் வந்து, கேமை மூடித் திறக்கச் சொன்னது. அடுத்து ஆள் வந்தார், ஸ்க்ரீன்ஷாட் கேட்டார். அனுப்பினேன். பொருள் மறைவதற்கு முன்பு எடுத்த வீடியோ கேட்டார். மறையப் போகிறது என்று யாருக்குத் தெரியும், முன்கூட்டியே படம்பிடித்து வைக்க? உங்கள் கடையே 'உள்ளது' என்கிறதே, சர்வர் பதிவைப் பாருங்கள் என்று எழுதினேன். அதே பதில், எழுத்துப் பிசகாமல், கீழே பெயர் மட்டும் வேறு. பொறுமையாகக் காத்திருக்கவும் என்றார்கள். காத்திருந்ததில் ஆப் ஸ்டோரில் பணம் திரும்பக் கேட்கும் கெடுவும் தாண்டிவிட்டது. அப்புறம் வந்தது முத்தாய்ப்பு: வைரங்களுக்குப் பண மதிப்பு எதுவும் இல்லை, விதிமுறையில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நல்லெண்ணமாக 50 வைரம் தருகிறோம். 9,800 எங்கே, 50 எங்கே? புகார் டிக்கெட் மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு பெட்டி.

வயிறு எரிவது எங்கே தெரியுமா? இதே பக் தலைகீழாக ஒருமுறை நடந்தது. மாற்றும்போது பொருள் காணாமல் போவதற்குப் பதில் இரட்டித்தது. அன்று ராத்திரியே சர்வரை நிறுத்தினார்கள், ரோல்பேக் செய்தார்கள் (பழைய நிலைக்குத் திருப்பினார்கள்), விடிவதற்குள் அடைத்துவிட்டார்கள். அவர்கள் பெட்டியில் ஓட்டை என்றால் ஒரு ராத்திரி. நம் பையில் ஓட்டை என்றால் 'அறியப்பட்ட குறை' பட்டியலில் ஒரு வரி.

ஸ்கின் (பொருளின் தோற்றம்) வரைகிறவர் வேறு, பக் பார்க்கிற புரோகிராமர் வேறு, ஒன்றை நிறுத்தினால் மற்றது வேகமாகாது என்று கம்பெனிக்குப் பரிந்து பேச எப்போதும் சிலர் வருவார்கள். பாதி உண்மை. ஓவியரை சர்வர் கோடு எழுத உட்கார வைக்க முடியாதுதான். ஆனால் வரைந்த பொருளைக் கடையில் ஏற்றுவது யார்? சோதித்துப் பார்ப்பது யார்? சலுகை நாளில் கூட்டம் மோதும்போது சர்வரைத் தாங்கிப் பிடிப்பது யார்? அதே புரோகிராமர்கள், அதே டெஸ்டர்கள். ஜிடிஏ ஆன்லைன் கதை பலருக்கு நினைவிருக்கும். 2013-ல் வந்த கேம். புதுச் சரக்கு வந்துகொண்டே இருந்தது, லோடாவதற்கு மட்டும் நிமிடக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2021-ல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலே, காரணத்தைக் கண்டுபிடித்தார். கேமானது, கடைக்கான பொருள் பட்டியல் போலத் தெரிந்த, சுமார் 10 எம்பி கோப்பு ஒன்றை மிக மோசமான முறையில் படித்துக்கொண்டிருந்தது. அவருடைய திருத்தத்தில் காத்திருப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் அதை ஏற்று 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. கொடுத்தார்களே, அதுவே பெரிய மனது. இங்கே நமக்கு நட்சத்திரப் பெட்டி.

புதுசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வராவிட்டால் நானே சலித்துப்போய் வேறு கேமுக்குப் போய்விடுவேன். தலைமுடி தொப்பியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற பக் அடுத்த வருஷம் போகட்டும். காசு கொடுத்து வாங்கியதை விழுங்குகிற பக் அப்படியா? அதை மூடாமல் ஒரு குண்டூசிகூட விற்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்வதாகச் சொன்னேன். இப்போது விரிவாக எழுதப் பொறுமை இல்லை. விலை கூடிய எதையும் வாங்கும் முன் அந்த கேமின் 'அறியப்பட்ட குறைகள்' பக்கத்தைப் பாருங்கள். பேட்ச் வந்த அன்றே வாங்காதீர்கள், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள். சப்போர்ட் "காத்திருங்கள்" என்றால் காத்திருக்காமல், பணம் கட்டிய ஸ்டோரில் அன்றே முறையிடுங்கள். கூகுள் ப்ளேயில் சாதாரணமாக 48 மணி நேரம்தான். எங்கள் கில்டு ஆட்கள் இதைப் படித்தால், கிடங்கில் எதையும் வைக்காதீர்கள். 9,800 வைரம் போட்டு அந்தக் கேடயத்தை வாங்கவே வாங்காதீர்கள், விற்பனை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.