ஒற்றை மூலக்கூறை அளக்க எது: எஸ்டிஎம் முனையா, வளையும் தகடா?

தங்கத்தை மெல்ல இழுத்து அறுத்தால், அறுந்த இடைவெளியில் ஒரு மூலக்கூறு வந்து பாலமாக நிற்கும். எஸ்டிஎம் (வருடு ஊடுருவல் நுண்ணோக்கி, கூரிய உலோக முனையால் பரப்பை ஆராயும் கருவி) முறை, வளையும் தகட்டு முறை இரண்டுக்கும் இதுதான் அடிப்படை. அறுவதற்குச் சற்று முன், ஒற்றை அணு மட்டும் ஒட்டியிருக்கும்போது, மின்கடத்தல் 77.5 மைக்ரோசீமென்ஸ் அருகே ஒரு படியாக நிற்க வேண்டும், அதாவது 12.9 கிலோஓம் மின்தடை. அந்தப் படி தெரியவில்லையென்றால் தங்கம் அழுக்கு, அல்லது மின்னோட்டத்தை அளக்கும் பெருக்கியில் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மூலக்கூறைச் சேர்ப்பது வீண்வேலை.

வளையும் தகட்டு முறையில், பாஸ்பர் பிரான்ஸ் தகட்டின் மேல் பாலிஇமைடு என்ற மின்கடத்தாப் பிளாஸ்டிக்கைப் பூசி, அதன்மேல் ஒடுங்கிய தங்கப் பாலம் ஒன்றை அமைக்கிறார்கள். இரு ஓரங்களும் தாங்கியில் இருக்க, நடுவே தள்ளுகோல் அடியிலிருந்து அழுத்தும். கோல் 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் இடைவெளி 0.1 நானோமீட்டர் அளவே விரியும். வெளி அதிர்வும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுவதே இதன் பெரிய பலம். 4.2 கெல்வினில் ஒரே மூலக்கூறை மணிக்கணக்கில் பிடித்துவைத்து, அதன் அதிர்வு நிலைகளை மின்னோட்டத்திலேயே படிக்கலாம். விலையும் உண்டு: பாலத்தை வரைய எலக்ட்ரான் கற்றை லித்தோகிராபி (எலக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரையும் முறை) வேண்டும், பாலம் கெட்டால் அந்தத் தகட்டோடு போயிற்று.

2003-ல் ஷூ, டாவோ என்ற ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய எஸ்டிஎம் முறைக்கு 0.25 மில்லிமீட்டர் தங்கக் கம்பியை வெட்டினாலே முனை தயார். எதிரே மைக்காவில் படிந்த தங்கம். ட்ரைக்ளோரோபென்சீன் என்ற கரைப்பானில் மூலக்கூறின் 1 மில்லிமோலார் கரைசல் ஒரு சொட்டு, 100 மில்லிவோல்ட் மின்னழுத்தம், முனையைத் தங்கத்தில் தொட்டுத் தொட்டு இழுக்க நொடிக்கு 20 நானோமீட்டர் வேகம்: ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கோடுகள் (ஒவ்வோர் இழுப்பிலும் மின்கடத்தல் மாறுவதைக் காட்டும் வரைபடங்கள்) கிடைக்கும். நீர்க் கரைசலானால் அயனிக் கசிவு சிக்னலை மூடிவிடும். முனையின் நுனி தவிர மற்றதை மெழுகால் மூட வேண்டும். தங்கம் அறுந்ததும் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 0.5 நானோமீட்டர் பின்வாங்கும். அதனால் கோட்டில் தெரியும் மூலக்கூறுப் படியின் நீளத்தையே மூலக்கூறின் நீளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘நல்ல’ கோடுகளைக் கண்ணால் பொறுக்கி எடுப்பது இன்னும் மோசம், இல்லாத உச்சியையும் அது உண்டாக்கிவிடும். எல்லாக் கோடுகளையும் மடக்கை அளவில் ஹிஸ்டோகிராமில் (எந்த மின்கடத்தல் எத்தனை முறை வந்தது என்று காட்டும் வரைபடத்தில்) போடுங்கள்.

வெப்பம் என்று வந்தால் எஸ்டிஎம்தான் முன்னே நிற்கிறது. 2007-ல் அடித்தளத்தைச் சூடாக்கி, முனையை அறை வெப்பத்தில் வைத்து, பென்சீன்டைதயால் மூலக்கூறின் சீபெக் குணகம் (வெப்பநிலை வேறுபாட்டால் எழும் மின்னழுத்தத்தின் அளவு) கெல்வினுக்கு 8.7 மைக்ரோவோல்ட் என அளந்தார்கள். அது நேர்குறியாக வந்ததால், எலக்ட்ரான் நிரம்பிய ஆற்றல் நிலைகளில் உச்சமான ஆர்பிட்டால் வழியே மின்னோட்டம் போகிறது என்றும் தெரிந்தது. இதில் ஒற்றை வெப்பநிலை வேறுபாட்டை நம்பக் கூடாது: பெருக்கியின் சொந்த ஆஃப்செட்டே (உள்ளீடு இல்லாதபோதும் காட்டும் சிறு மதிப்பே) சிக்னல் போலத் தோன்றும். 10, 20, 30 கெல்வின் வேறுபாடுகளில் அளந்து சரிவை மட்டும் எடுக்க வேண்டும்.

வெப்பக் கடத்தல் அதைவிடக் கடினம். ஒரு மூலக்கூறு கெல்வினுக்குச் சில பத்துப் பிகோவாட்டே கடத்தும். 2019-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவும் சூரிச் ஐபிஎம் குழுவும் அதை அளந்தது, வெற்றிடத்தில், மெல்லிய கைகளில் தொங்கவிட்ட வெப்பமானியால். தகட்டு முறையிலோ பாலத்தின் இரு பக்கமும் தகட்டோடு ஒட்டிக் கிடக்கின்றன. மூலக்கூறின் வழியே போகும் வெப்பத்தைவிடப் பல மடங்கு பாலிஇமைடு வழியே ஓடிவிடும்.