எக்ஸ்ரேயா, ஸ்கேனா?

கோயில் கொடை முடிந்த மறுநாள் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு நாய் வாந்தி எடுக்கும். கிடா எலும்பு. மாம்பழக் காலத்தில் என்றால் கொட்டை. பூனை வளர்க்கிற வீட்டில் பூக்கட்டுகிற நூல். டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயா, வயிற்று ஸ்கேனா (அல்ட்ராசவுண்ட்) என்ற பேச்சு வரும். இரண்டுக்கும் செலவழிக்க எல்லோராலும் முடியுமா? எதை விழுங்கியிருக்கும் என்று முதலில் வீட்டில் தேடிப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைக்கும்.

எலும்பு, காசு, ஊசி என்றால் எக்ஸ்ரே. வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சு ஆழமான நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தாலும் எக்ஸ்ரேதான். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், வலப்பக்கம் படுக்கவைத்து எடுக்கும் படமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். விடியட்டும் என்று இருந்தால் நாய் இருக்காது.

நூல், துணி, மாங்கொட்டை விஷயத்தில் எக்ஸ்ரே பல நேரம் கைவிட்டுவிடும். நான் பட்ட பாடு இது. எங்கள் பூனை ஒரு நாள் முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. "பட்டினி கிடந்தா தன்னால சரியாப் போயிரும்லா" என்றார் எதிர்வீட்டு ஆச்சி. பூனைக்கு அது ஆகாது. சில நாள் சாப்பிடாவிட்டாலே, அதுவும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். எக்ஸ்ரேயில் குடலில் காற்று தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாள் ஸ்கேனில் பார்த்தால், நாடா இழுத்த சுருக்குப்பை வாய் மாதிரி குடல் மடிந்து மடிந்து கிடந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அடிநாக்கைச் சுற்றி மல்லிகைச் சரத்து நூல்! காசில்லாத சோதனை, முதல் நாளே செய்திருக்கலாம். (பின்பக்கம் நூல் தொங்கினால் பிடித்து இழுத்துவிடாதீர்கள், குடல் அறுந்துவிடும்.)

குடலுக்குள் குடல் சொருகிக்கொள்வது, கல்யாண வீட்டு நெய்யையும் கொழுப்பையும் தின்று கணையம் வீங்குவது, இவையும் ஸ்கேனுக்கு உரியவை. ஆனால் வாயு நிறைந்த வயிற்றில் அது தடுமாறும். பார்ப்பவர் கைப்பழக்கத்தைப் பொறுத்தும் பதில் மாறும். சந்தேகம் தீராவிட்டால் நான் திருநெல்வேலி பக்கத்து இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, இரைப்பையில் கிடக்கும் காசைக் கத்தி வைக்காமலே எடுத்துவிடும். மயக்க மருந்து வேண்டும், சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டி அதிகம் போகாது.

தடுப்பூசி முடியாத குட்டி நாற்றத்தோடு ரத்தபேதி போனால் இந்த வாதமே வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸாக இருக்கலாம்; மலத்தைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பார்க்கும் பார்வோ கிட் சில நிமிடத்தில் பதில் சொல்லும். அதற்குள் டிரிப் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும்.