58,000 ரூபாய் போச்சு: கார்பன் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

சைக்கிளுக்குக் கார்பன் இழையில் செய்த சக்கரம் வாங்குகிறேன் என்று 58,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். போன வாரம் விழுந்ததில் முழங்கையில் போட்ட கட்டை இன்னும் பிரிக்கவில்லை. இன்று காலை அந்தக் கடைக்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரோடு பைக் வகை சைக்கிள் ஓட்டுகிற தம்பிகள் நிறைய பேர் இப்போது சக்கரம் மாற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அதனால் ஆறப் போடாமல் இப்போதே எழுதுகிறேன்.

என்னுடையது ரிம் பிரேக் வண்டி, அதாவது பிரேக் கட்டை (பேட்) சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) இறுக்கிப் பிடித்து நிறுத்துகிற வகை. கூடவே வந்த அலுமினியச் சக்கரம் ஜோடி 1,940 கிராம். நல்ல கார்பன் சக்கரம் என்றால் 1,400 கிராம் சுற்றில் வரும். அரை கிலோதானே என்று நானும் நினைத்தவன்தான். ஓசூர் நண்பர் ஒருவரின் வண்டியை ஒரு நாள் வாங்கி ஓட்டினேன். மேட்டில் எழுந்து நின்று ஒரு மிதி மிதித்ததும் வண்டி முன்னால் துள்ளியது. வத்தல்மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்குமே, அது இதில் இருக்காது என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. சீட்டு எடுத்த பணம் வந்ததும் தேட ஆரம்பித்தேன்.

வெளிநாட்டு சைக்கிள் பாகங்களை இறக்குமதி செய்து விற்பதாகச் சொல்லும் ஒரு ஆன்லைன் கடை. பெயர் போடவில்லை. போட்டோக்கள் எல்லாம் அவ்வளவு சுத்தமாக இருந்தன. ஆனால் நான் ஏமாந்தது போட்டோவில் இல்லை, பேச்சில். வீடியோ காலில் வந்தவன் எடுத்த எடுப்பிலேயே, "எந்த ஊருண்ணா?" என்றான். தர்மபுரி என்றதும், "அட, வத்தல்மலை ஏறியிருக்கேண்ணா, அந்தக் கடைசி வளைவுல உயிரு போயிரும்ல?" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். நம்ம மலையில் மூச்சு வாங்கினவன் நம்மை ஏமாற்ற மாட்டான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. அப்புறம் அவன் தராசை எடுத்து வைத்து முன் சக்கரம், பின் சக்கரம் என்று தனித்தனியாக நிறுத்துக் காட்டினான். கூட்டினால் 1,420 கிராம். "பழைய பிரேக் பேடே போதுமா, மாத்தணுமா?" என்று நானாகவே கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லண்ணா, இருக்கறதே போதும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது.

பில் போட்டால் வரி சேரும், பில் இல்லாமல் என்றால் 58,000 என்றான். "ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்குங்களேன்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே 58,000 ரூபாயையும் ஜிபே செய்தேன்.

பார்சல் வந்த அன்றே டயர் மாட்டி, முதல் ஞாயிறு பாலக்கோடு ரோட்டில் ஓட்டினேன். சமதரைதான், ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு பென்னாகரம் போய் ஒகேனக்கல் இறக்கம். காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற பாதை உங்களுக்கே தெரியும். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கவில்லை, விட்டு விட்டுத்தான் பிடித்தேன். பாதி இறக்கத்தில் லிவர் கையில் தடதடவென்று அடித்தது. பிளாஸ்டிக் கருகிய வாசனை. ஏதோ தப்பாக இருக்கிறதே என்று நினைப்பதற்குள் பின் டயர் வெடித்து வண்டி பக்கவாட்டில் சரிந்தது. நல்ல வேளை, எதிரில் பஸ் வரவில்லை. ஒரு டாடா ஏஸ்காரர் என்னையும் வண்டியையும் ஏற்றிப் பென்னாகரத்தில் விட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பின் ரிம்மைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கிற ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே உப்பியிருந்தது, கொழுக்கட்டை ஓரம் பிரிந்த மாதிரி. எங்கள் தெரு சைக்கிள் கடைப் பெரியவர் ஒரு ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் டொக் என்று அடங்கியது. உப்பின இடம் இல்லை அது, அதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஹேர் டிரையர் காட்டி அங்கே இருந்த ஸ்டிக்கரை உரித்தோம். அடியில் ஒட்டுப் போட்டுத் தேய்த்து மேலே கறுப்புப் பெயின்ட். எவனோ விழுந்து உடைத்த ரிம் அது! புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறான்.

பக்கத்து மளிகைக் கடைத் தராசில் டயர், டியூப், கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கரங்கள்) எல்லாம் கழற்றிவிட்டு நிறுத்தோம். முன் சக்கரம் 790, பின் சக்கரம் 1,080. மொத்தம் 1,870 கிராம். என் பழைய சக்கரத்தை விட வெறும் 70 கிராம் குறைவு. வீடியோ காலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அதில் சிவப்பு ஸ்டிக்கர் வால்வை ஒட்டி இருக்கிறது. எனக்கு வந்ததில் வால்வுக்கு நேர் எதிரே. தராசில் வைத்தது வேறு சக்கரம், அனுப்பியது வேறு சக்கரம்.

போன் செய்தேன். பணம் வாங்கும் வரை "அண்ணா", இப்போது "சார்". முதல் நாள், "டெக்னிக்கல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்." மூன்றாம் நாள், "பார்சல்ல அடிபட்டிருக்கும் சார், பார்சல் ஆபீஸ்ல கேளுங்க." அடுத்த நாள், "நீங்க பிரேக் பிடிச்ச விதம் தப்பு சார், ஹீட் டேமேஜுக்கு வாரண்டி கிடையாது." பழைய பேடே போதும் என்று சொன்னது யார் என்று கேட்டு அவன் குரலையே அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இன்று காலை பிளாக். 58,000 ரூபாய்க்கு ஒரு "சாரி" கூட இல்லை.

அவன் சொன்ன பேட் விஷயம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அலுமினிய ரிம் சூட்டைச் சட்டென்று பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் அப்படி விடாது. பிரேக் உரசுகிற இடத்திலேயே சூடு தேங்கும். கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிற ரெசின் பசை அந்தச் சூட்டில் இளகினால், டயருக்குள் இருக்கிற 100 பிஎஸ்ஐ அழுத்தக் காற்று ரிம் சுவரை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் கார்பன் ரிம்முக்கென்றே தனி பேட் இருக்கிறது. அலுமினிய ரிம்மில் தேய்ந்த பழைய பேடில் உலோகத் துணுக்கு வேறு ஒட்டியிருக்கும், அது கார்பனை அறுக்கும். இது சக்கரம் விற்கிறவனுக்குத் தெரியாதா? தெரிந்தே ஒருத்தனை மலை இறக்கத்துக்கு அனுப்பியிருக்கிறான். பணம் போனதை விட இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

விரிவாக எழுத நினைத்தேன், கை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பில் இல்லாமல் வாங்காதீர்கள். சக்கரம் வந்ததும் டயர் மாட்டும் முன் நிறுத்துப் பாருங்கள், நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் என்னை மாதிரி ஒரு வாரம் கெஞ்சிக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன். பில் இல்லாததால் பணம் அனுப்பிய ரசீது, ஸ்கிரீன்ஷாட், அந்த வாய்ஸ் மெசேஜ் மூன்றும்தான் என் கையில் இருக்கின்றன.

டிஸ்க் பிரேக் வண்டிக்காரர்களுக்கு ரிம் சூடாகிற தொல்லை இல்லை. ரிம் பிரேக்கில் கார்பன் சக்கரம் மாட்டியிருக்கிறவர்கள், இந்த ஞாயிறு தொப்பூர் பக்கமோ ஒகேனக்கலுக்கோ இறங்கும் முன் வண்டியில் என்ன பேட் இருக்கிறது என்று தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.